தெற்குப் பக்கம் முட்டிய குருவி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த மரப்பெட்டியை வெளியே எடுத்து வைத்து, இது என்ன என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்தது ஒரு சரிவு ஊசி. சாதாரணத் திசைகாட்டியின் முள் படுத்த வாக்கில் சுற்றி வடக்கைக் காட்டும். இந்த ஊசி மேலும் கீழும் ஆடும். பூமியின் காந்த விசை ஓர் இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் இன்னொருவரை அழைத்தார். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு தமிழ் தெரிந்த மூன்றாமவர் வந்து, புதையல் தோண்ட வந்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். அந்த நாட்டில் புதையல் தோண்டுவது பெரிய குற்றமாம். அதற்காகக் கருவிகளோடு வருகிறவர்களும் உண்டாம்.

“இல்லை, ஒரு குருவியைப் பார்க்க வந்திருக்கிறேன்” என்றேன்.

அவர் அதை மொழிபெயர்த்ததும் மூவரும் சிரித்தார்கள். பெட்டியை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று முழுவதும் என்னோடு யாரும் அதைவிட அதிகமாகப் பேசவில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன்; அவர்கள் மெல்போர்னுக்குப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் கீழ்த்தளத்தைப் பூட்டிவிட்டு மாடியில் மட்டும் இருக்கிறேன். மாலையில் பறவைகளைப் பற்றிப் படிப்பேன். குறிப்பாக, வலசை போகிற பறவைகள் வழி கண்டுபிடிக்கும் விதத்தைப் பற்றி.

பதுளை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கதிரேசன் என் அண்ணியின் சித்தப்பா மகன். அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து போய் அங்கே கடை போட்டவர்கள். என் பறவைப் பைத்தியம் அவருக்குத் தெரியும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு வீடியோ அனுப்பினார். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அங்கே காய்கறிப் பெட்டிக்குள் ஓர் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமம், வெட்டிவிட்டது போன்ற குட்டை வால். இமயமலை அடிவாரத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இலங்கைக்கு வந்து, வெயில் காலத்தில் திரும்பிப் போகும் பறவை. அந்தி நேரத்தில் அது பெட்டியின் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப முட்டியது.

வலசைக் காலத்தில் கூண்டுப் பறவைகள் இப்படித் தவிப்பது தெரிந்த விஷயம். போக வேண்டிய திசையில்தான் முட்டும். எந்தப் பக்கம் என்று கதிரேசனைக் கேட்கச் சொன்னேன். வீடியோ எடுத்த பெண் தன் போனில் திசை பார்த்துச் சொல்லியிருந்தாள். தெற்கு. மறுநாளும் தெற்கு. அதற்கடுத்த நாளும் தெற்கு.

வடக்கே போக வேண்டிய குருவி தெற்கே ஏன் முட்டுகிறது? எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பறவைகள் காந்தத்தை உணர்கின்றன. எப்படி என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. கண்ணுக்குள் இருக்கும் ஒரு புரதம், மங்கலான வெளிச்சத்தில், காந்தத் திசைக்கேற்ப மாறுகிறது என்பது பலரின் எண்ணம். ஒருவேளை அவை காந்தத்தைப் பார்க்கவே செய்யலாம், நாம் நிழலைப் பார்ப்பது போல. ஆனால் நம் திசைகாட்டியைப் போல அவை வடக்கு, தெற்கு என்று பிரித்து அறிவதில்லை. சாய்வைத்தான் அறிகின்றன. காந்தக் கோடுகள் எந்தப் பக்கம் மண்ணுக்குள் இறங்குகின்றனவோ அந்தப் பக்கம் துருவம். அவ்வளவுதான் அவற்றின் கணக்கு. டெல்லியில் சரிவு ஊசியின் வடமுனை நன்றாகக் குப்புறக் கவிழும். தெற்கே வரவர நிமிரும். எங்கள் நாகர்கோவிலில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். காந்த நடுக்கோடு எங்கள் பக்கத்தில்தான் ஓடுகிறது. கடலைத் தாண்டி, பதுளை இருக்கும் ஊவா மலைநாட்டுக்குப் போனால் வடமுனை லேசாக மேலே தூக்க வேண்டும். அதாவது கோடுகள் மண்ணுக்குள் இறங்குவது தென்பக்கமாக.

அப்படியென்றால் சாய்வை மட்டும் நம்பும் பறவைக்கு அங்கே வடக்கு எது? இந்தக் கேள்வியை ஆறுமணிக் குருவியிடம் யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. அது பதில் சொல்கிறது என்று நினைத்தேன். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு ஊசியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த நாள் ரயிலில் பதுளையில் இறங்கியபோது கதிரேசன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் என்று அவர் மனைவி பரிமாறிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரிலும் தேங்காய் இல்லாமல் எதுவும் இறங்காது. ஆனால் இங்கே சம்பலில் மாசிக் கருவாட்டைத் தட்டிப் போடுகிறார்கள். முதல் வாயிலேயே கடல் வந்துவிடுகிறது, மலை உச்சியில். என் பேச்சைக் கேட்டுக் கதிரேசனின் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மலையாளம் பேசுகிறார் என்று ஒன்று இன்னொன்றிடம் சொன்னது காதில் விழுந்தது.

அவர்கள் நல்லவர்கள். ஆனால் மறுநாள் கடையில் கூட்டம். நான் எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களெல்லாம் என்னிடமும் விலை கேட்டார்கள். மதியத்துக்கு மேல் பஸ் ஏறிவிட்டேன்.

அப்புத்தளையை நெருங்கியபோது ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. பனிமூட்டம். பெரகல சந்தியில் பஸ் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்ததாம். ஒரு கடையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்றேன். காரத்தில் கண்ணீர் வந்தது. கடைக்காரர் எதுவும் கேட்காமல் பாலில்லாத ஒரு பிளேன்டீயை முன்னால் வைத்து, உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியையும் கொட்டினார். சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். “மேல மழ புடிச்சிருச்சு, கீழ போறவங்க போயிருங்கன்னு பேசிக்கிறாங்க” என்றார். நான் கீழே போகிறவன்தான். ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். இங்கே அதைத் திரீவீல் என்கிறார்கள். ஓட்டுநர் மரப்பெட்டியைக் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தார். புதையல் சந்தேகம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, மேலே வண்டி ஏறாது என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

மழையில் நடந்தேன். இருபுறமும் தேயிலை, இடையிடையே சவுக்கு மரங்கள். ஒரு வளைவில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

“இந்தியாவுலருந்து வந்த சாருங்களா? வாங்க” என்றார்.

கதிரேசன் முன்பே சொல்லிவைத்திருந்தார். அவர்தான் புஷ்பராணி. பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர். நாற்பது வயதிருக்கும். கணவர் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். மகள் பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம், நம்மூர் பிளஸ் டூ, படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது வீடியோ எடுத்தது அவள்தான். நான் தங்குவதற்குப் பழைய டிஸ்பென்சரியில் ஓர் அறையைப் பெருக்கி வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு கட்டில், சுவரில் மருந்து வாசனை.

குருவியின் கதையை அன்றே சொன்னார். ஐப்பசியில் ஒரு மூட்டமான இரவு. காம்பராவில் லைட்டை அணைக்க மறந்துவிட்டார். காலையில் ஜன்னலுக்குக் கீழே இறக்கை தொங்கிய நிலையில் இது கிடந்தது. வெளிச்சத்தைப் பார்த்து வந்து கண்ணாடியில் மோதியிருக்கிறது. மண்புழுவும் கரையானும் தேடிக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார். இப்போது குழந்தைகள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திறந்துவிட்டால் அறைக்குள் நன்றாகவே பறக்கிறதாம். காட்டுப் பறவையை வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்பதும் தெரிந்திருக்கிறது. ஆள் வந்தால் பெட்டி மேல் துணியைப் போட்டுவிடுவார்.

“நா இந்தக் கெழம முடிய ஓமானுக்குப் போறேன் சார். வீட்டு வேலைக்கு. விசா வந்துருச்சு” என்றார். “எனக்கப்புறம் இதுக்குப் புழு தேடிப் போட ஆளில்ல. இது போகுமா, போகாதா? எப்ப விடணும்? அத மட்டும் சொல்லுங்க.”

நான் சாய்வு, துருவம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்.

மறுநாள் காலை காம்பராவுக்குள் சரிவு ஊசியை வைத்தேன். ஊசி பைத்தியம் பிடித்தது போல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. குருவிப் பெட்டி இருந்தது ஓர் இரும்பு அலுமாரியின் மேல். தலைக்கு மேலே தொட்டில் சேலைகள் கட்டும் இரும்புக் குழாய். அந்த இடத்தில் குருவி எந்தத் திசையைக் காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. வெளியே, இரும்பே இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்றேன்.

முற்றத்தில் ஒரு பாறை. அதன்மேல் ஊசியை வைத்து ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தேன். வடமுனை ஒரு மயிரிழை மேலே தூக்கி நின்றது. இத்தனை ஆண்டுகளாக ஆய்வகத்தில் படுத்தே கிடந்த ஊசி அது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. வேறு யாருக்கு அனுப்பலாம் என்று போனைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் புஷ்பராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இடுப்பில் ஒரு குழந்தையோடு குனிந்து பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார். கொஞ்சம் கழித்து, “இது குருவிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றுதான் நினைக்கிறார்கள் என்றேன்.

இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறவர்கள் பறவையைப் புனல் வடிவக் கூண்டில் விடுவார்கள். அது தாவும்போது சுவரில் கால்தடம் விழும். புஷ்பராணி லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரிடமோ கேட்டுப் பழைய கொழுந்துக் கூடை ஒன்றைக் கொண்டுவந்தார். பிரம்பு. ஓர் ஆணிகூட இல்லை. அடி குறுகி வாய் விரிந்த அதன் வடிவம் ஏறக்குறையப் புனல்தான். உட்சுவரில் காகிதம் ஒட்டி, அடுப்புக்கரியைப் பொடித்துப் பூசினோம். வாயில் கொசுவலை. அந்தியில் குருவியை அதில் மாற்றி, பாறைமேல் வைத்தோம். வானம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

முதல் நாள் மூட்டம். குருவி உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தது. டிஸ்பென்சரிக்குத் திரும்பி, பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் தின்றுவிட்டு, கூரையில் விழும் மழையைக் கேட்டபடி படுத்திருந்தேன். பக்கத்து லயத்தில் தொலைக்காட்சியில் தமிழ் நாடகம் ஓடியது. அதே நாடகம்தான் எங்கள் தெருவிலும் ஓடும். ஊரில் என் வீட்டுக்குள்ளிருந்தும் நான் இதை இப்படித்தான் கேட்கிறேன், இன்னொருவர் வீட்டுச் சத்தமாக.

அடுத்த நாள் வானம் வெளுத்திருந்தது. பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் காலையில் என்னைப் பார்த்து, குருவி சார் எழும்பிட்டாரு என்று பேசிக்கொண்டு போனார்கள். மாலையில் புஷ்பராணி தாய்மாரிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, முற்றத்தின் தென்புறமிருந்த பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்தார். குருவி தாவத் தொடங்கியது. இருட்டும் நேரத்தில் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். தென்பக்கம் முழுவதும் கால்தடம். மற்ற பக்கங்களில் கரி அப்படியே இருந்தது. இரும்பு இல்லை, கதவு இல்லை, வெளிச்சம் இல்லை. அன்று இரவு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையின் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இடி மழை. பெஞ்சு ஊறிக் கிடந்தது. அதனால் புஷ்பராணி கிழக்கே படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு தாயோடு ஓமானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே வெயில் எப்படி, சோறு கிடைக்குமா என்று அந்தப் பெண் கேட்க, இவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல, பேச்சு நீண்டது. கூடைக்குள் சரசரப்பு. இருட்டியதும் காகிதத்தை எடுத்தேன். கிழக்குப் பக்கம் முழுவதும் கால்தடம்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. காகிதத்தையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து அந்தப் பழைய வீடியோவைப் போட்டேன். அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; ஆய்வகத்தில் எப்போதும் சத்தத்தை நிறுத்தி வைத்துத்தான் பார்ப்பேன். இப்போது சத்தத்தைக் கூட்டினேன். குருவி முட்டுகிற பக்கமிருந்து புஷ்பராணியின் குரல் கேட்டது. ஏதோ ஒரு குழந்தையை, அழாதடா தங்கம், அம்மா வந்துருவா என்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஐப்பசியிலிருந்து அதற்குப் புழு கொடுத்த குரல். குருவி தெற்கே போகவில்லை. அவரிடம் போய்க்கொண்டிருந்தது.

அவரிடம் சொன்னேன். வேறு என்ன செய்ய? கட்டுரை, கண்டுபிடிப்பு என்று நான் கட்டியதெல்லாம் ஒரு பெஞ்சு நனைந்ததில் கரைந்துவிட்டது. சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் காகிதத்தை வாங்கி அந்தச் சின்னக் கால்தடங்களை வெகுநேரம் பார்த்தார்.

“என் பக்கமாவா வருது?” என்றார்.

“ஆமாம்.”

காகிதத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். “அப்ப நா அங்க இருக்கக் கூடாது சார்” என்றார்.

மறுநாள் மாலை குருவியைக் கூடையில் விட்டது நான்தான். அவர் வரவில்லை. காம்பராவை ஒட்டிய லயத்தின் கடைசி வீடு அவருடையது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். முற்றத்தில் நிற்க வேண்டாம் என்று தாய்மாரிடமும் சொல்லியிருந்தார். நான் கொஞ்ச தூரம் தள்ளி, பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே பள்ளத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. குருவி முதலில் அசையவில்லை. ஒரு முறை சுற்றி வந்தது. நின்றது. மறுபடி சுற்றியது. குரலைத் தேடுகிறது என்று நினைத்தேன். அந்த நேரம் யாராவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா என்று எனக்கே இருந்தது. பிறகு தாவத் தொடங்கியது.

காகிதத்தில் தடங்கள் எல்லாப் பக்கமும் இருந்தன. ஆனால் வடக்கும் வடமேற்கும் அதிகம் கறுத்திருந்தன. ஒரு பறவை, ஒரு மாலை. இதை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. அஸ்தமித்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கலாம், காற்றாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். ஊசி என்னவோ பாறைமேல் அதே மயிரிழைத் தூக்கலோடு நின்றது. அதற்கும் இதற்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

புஷ்பராணியின் கதவைத் தட்டினேன். திறந்தார். நாளைக்கு வானம் வெளுத்தால் விட்டுவிடலாம் என்றேன். அவர் தலையசைத்தார். உள்ளே ஒரு பயணப்பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தார்.

மறுநாள் வெளுத்துத்தான் இருந்தது. அன்று பகலில் புழு கொடுத்ததும் நான்தான். அவர் எங்கே தோண்ட வேண்டும் என்று மட்டும் கைகாட்டினார். குருவி என் விரலைப் பார்த்து ஒதுங்கி, நான் நகர்ந்த பிறகு வந்து எடுத்தது. மாலையில் கூடையைப் பாறைமேல் வைத்து வலையை அவிழ்த்தேன். அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

குருவி கூடை விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. தலையை ஒருபுறம் சாய்த்தது. பிறகு புல்லில் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கேயே இரண்டு மூன்று தாவல். வாலை ஆட்டியது. திடீரென்று எழும்பி, தேயிலைச் செடிகளுக்கு மேலாகத் தாழப் பறந்து, சவுக்கு மரங்களுக்குள் நுழைந்தது. அதற்குப் பின் ஒன்றும் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, மெதுவாக. “போயிருச்சா?”

“மரத்துக்குள்ள போயிடுச்சு.”

“எறக்கைய நல்லா விரிச்சுச்சா?”

“நல்லா விரிச்சுது.”

“திரும்பிப் பாத்துச்சா?”

நான் யோசித்தேன். “இல்லை” என்றேன்.

பிறகு அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அன்று ரொட்டி சுட்டு, முட்டை பொரித்து, டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வந்த நாளிலிருந்து நான் சூடாகத் தின்ற முதல் சாப்பாடு.

மறுநாள் விடியற்காலை ஏஜென்சி வேன் பாதை முனைக்கு வந்தது. லயத்துப் பெண்கள் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்கள். காம்பராவுக்குப் புதிதாக வரும் பெண்ணிடம் எந்தக் குழந்தைக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார் புஷ்பராணி. அழுதது மற்றவர்கள்தான். அவர் அழவில்லை. வேனில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

“நீங்க நாளைக்குத்தான போறீங்க? இன்னைக்கு அந்திக்கு ஆறு மணிக்கு அது கத்துதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எனக்கு ராத்திரிதான் பிளேன்” என்றார்.

அன்றைய பகல் மிக நீளமாக இருந்தது. கொஸ்லந்தைக்கு இறங்கி ஒரு கடையில் சோறு தின்றேன். கடைக்காரர் என்னை எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய பாட்டனுக்கு மதுரைப் பக்கம் என்றார். பிறகு அடுத்த மேசைக்குச் சோறு வைக்கப் போய்விட்டார். மறுபடி மேலே ஏறினேன். தேயிலை வரிசைகளுக்குள் இறங்கி, குருவி நுழைந்த சவுக்கு மரங்களின் அடியில் தேடினேன். பூனையோ கீரியோ பிடித்திருந்தால் இறகு கிடக்கும். இறகு இல்லை. இல்லாததற்கும் ஒரு பொருளும் கிடையாது. அடியில் அவ்வளவு புதர்.

ஐந்தரைக்கே பாறைமேல் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆறுமணிக் குருவி தங்கும் இடத்தில் அந்திக்குத் தவறாமல் இரண்டு சீட்டி அடிக்கும். காது கூர்ந்து கேட்டேன். ஒரு குக்குறுவான் பறவை விடாமல் தட்டுவது போலக் கத்திக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. யாரோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம். கீழே பஸ் ஹாரன். ஆறு கடந்து, இருட்டும்வரை வேறொன்றும் கேட்கவில்லை.

அவருக்குப் போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தார். பின்னால் பெரிய இரைச்சல். விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“கத்துச்சா சார்?”

“இல்லை. ஒன்றும் கேட்கவில்லை.”

“அப்ப போயிருச்சு” என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை.

கத்தாமலிருக்க வேறு காரணங்கள் உண்டு. அவை எல்லாம் எனக்குத் தெரியும். அன்று பகல் முழுவதும் அவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். “ஆமாங்க, போயிருக்கும்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது உண்மையென்று பட்டது, கொஞ்ச நேரத்துக்காவது.

வரிசை நகர்ந்தது போலிருக்கிறது. யாரோ அவரை முன்னே போகச் சொன்னார்கள். சரி சார் என்று வைக்கப் போனவர், மறுபடி பேசினார்.

“ஊருக்குப் போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க சார். நல்லபடியா போய்ட்டீங்களான்னு தெரியணுமில்ல.”

சரி என்றேன். போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். அண்ணன் குடும்பம் போன பிறகு நான் எத்தனையோ ஊர்களுக்குப் போய் வந்திருக்கிறேன். யாரும் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

நாகர்கோவிலில் இறங்கி மாடிக்கு ஏறியதும், பையை வைப்பதற்கு முன்பே அனுப்பினேன்: “வந்து சேர்ந்துவிட்டேன்.” ஒரே ஒரு டிக் கோடுதான் விழுந்தது; அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய இலங்கை சிம் அங்கே வேலை செய்யாது என்பது அப்போதுதான் உறைத்தது. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன். படுக்கும்போது பார்த்தேன். ஒரு கோடு. மறுநாளும் ஒரு கோடு. ஊசியைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தேன். துறைத் தலைவர் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை சார், குருவி பறந்துவிட்டது என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வைகாசி பிறந்து பல நாள் கழித்து, ஒரு மாலை, வகுப்பு முடிந்து மாணவர்கள் கிளம்பிய பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண்ணிலிருந்து, ஓமான் எண், ஒரு வரி வந்திருந்தது.

“நானும் வந்து சேந்துட்டேன் சார்.”